‘லெவல் 7 மாஸ்டர்ஸ்’ என்று காசு கட்டப் போகிறவர்களுக்கு

போன கிழமை திருகோணமலை என்.சி. வீதியில் அந்தப் போஸ்டரை மறுபடியும் பார்த்தேன். ‘சர்வதேச வணிகச் சட்டம். பிரித்தானிய மாஸ்டர்ஸ். 12 மாதம். வேலை செய்துகொண்டே படிக்கலாம்.’ கீழ்ப்பாதியை மான் தின்றிருந்தது. எங்கள் ஊர் மான்கள் கடதாசி, பொலித்தீன் எதையும் விடாது, தெரியும்தானே. தொலைபேசி இலக்கம் இருந்தது அந்தக் கீழ்ப்பாதியில்தான். புண்ணியம் அந்த மானுக்கு.

நிறுவனத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் கொஞ்சக் காசையாவது திரும்ப வாங்கினேன், அந்தக் கதை பிறகு. பெயர் உங்களுக்குத் தேவையும் இல்லை. இந்த மாதிரிக் கடை ஊருக்கு இரண்டு மூன்று இருக்கிறது, எல்லாரும் சொல்கிற வார்த்தையும் ஒன்றுதான்.

நான் துறைமுகப் பக்கம் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். படித்தது வணிகமாணி. ஒருமுறை மழையால் கப்பல் ஒன்று சரக்கு இறக்க முடியாமல் நாட்கணக்கில் நின்று, டெமரேஜ், அதாவது கப்பல் தாமதக் கட்டணம், யார் கட்டுவது என்று பெரிய இழுபறி. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலாந்துச் சட்டம், நீதிமன்றத்துக்குப் பதிலாக லண்டனில் நடுவர் தீர்ப்பு என்று இருக்கிறது. சீனன்குடாவில் நனைந்துகொண்டு நிற்கிற கப்பலுக்கு லண்டனில் என்ன வேலை? அன்றைக்குப் பிடித்த ஆசைதான் இது.

தேடிப் படித்தபோது எங்கள் மாகாணத்துக் கதையே ஒன்று கிடைத்தது. 1987 ஜனவரியில் மட்டக்களப்பில் ஓர் இறால் பண்ணை படை நடவடிக்கையில் அழிந்தது. அதில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி, இலங்கை அரசுக்கு எதிராக உலக வங்கிக் குழுமத்தின் இக்சிட் நடுவர் மையத்துக்குப் போனது. கையில் வைத்திருந்தது 1980இல் பிரித்தானியாவும் இலங்கையும் செய்துகொண்ட முதலீட்டு உடன்படிக்கை. 1990 ஜூனில் தீர்ப்பு வந்தது: கேட்டது 80 இலட்சம் டொலர் அளவில், கிடைத்தது 4 இலட்சத்து 60 ஆயிரமும் வட்டியும். இப்படியான இருநாட்டு முதலீட்டு உடன்படிக்கை ஒன்றை வைத்து அந்த மையத்தில் தீர்ப்பான முதல் வழக்கு அது. உலகம் முழுக்க இந்தப் பாடம் படிக்கிறவர்கள் நம்முடைய இறால் பண்ணையைப் படிக்கிறார்கள். நான் படிக்காமல் இருக்கிறதா என்று ஒரு ரோசம்.

ஆனால் எனக்குச் சட்டமாணி இல்லை. எல்எல்எம் என்கிற சட்ட முதுமாணி பெரும்பாலும் சட்டமாணியோ சட்டத்தரணித் தகுதியோ உள்ளவர்களுக்கானது. வெளிநாட்டில் சில பல்கலைக்கழகங்கள் வணிகம் படித்தவர்களையும் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் இவர்கள் கடை போடுகிறார்கள்.

மாடியில் ஒரு அறை, ஏசி, மேசையில் பிளாஸ்டிக் உலக உருண்டை, சுவரில் பட்டமளிப்புத் தொப்பி போட்ட பிள்ளைகளின் படங்கள். இருந்தவர் முதல் நாளே “தங்கச்சி” என்றுதான் கூப்பிட்டார். “இது லெவல் 7 தங்கச்சி. யூகேயில் லெவல் 7 என்றால் மாஸ்டர்ஸ். யோசிக்க வேண்டாம், சீட் முடியப் போகுது.” வீட்டுக்குப் போய் வட்ஸ்அப்பில் ஒருமுறை கேட்டேன், இது மாஸ்டர்ஸ் பட்டம்தானே என்று. குரல் பதிவில் பதில் வந்தது: “மாஸ்டர்ஸ்தான் தங்கச்சி, பயப்படாதேங்கோ.” அந்தப் பதினொரு செக்கன்தான் பிறகு எனக்குக் கை கொடுத்தது.

கட்டணம் 1,200 பவுண்டு, மூன்று தவணை, கட்டுகிற நாளின் நாணய மாற்று விலையில். 2022 பெப்ரவரியில் முதல் 400 பவுண்டுக்கு ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் கட்டினேன். மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். மே மாதம் அதே 400 பவுண்டு ஒரு இலட்சத்து எண்பதாயிரம்! அம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போனது அந்தத் தவணைக்குத்தான். மூன்றாவதையும் சேர்த்து மொத்தம் 4 இலட்சத்து 63 ஆயிரம். ரூபாய் விழுந்தது அவர்கள் குற்றமில்லை. ஆனால் கொழும்பில் அச்சடித்த நோட்ஸுக்கும் திருகோணமலை ஏசி அறைக்கும் எதற்குப் பவுண்டுக் கணக்கு என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கிளியரிங் அலுவலகத்தில் நாள் முழுக்க நாணய மாற்றுப் பார்க்கிறவள் நான்.

படிப்பு எப்படி என்றால், மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் சூம் வகுப்பு. சரி, அதையும் மன்னிக்கலாம். விரிவுரையாளர் நோட்ஸை வாசிப்பார், நாங்கள் கேட்போம். இறால் பண்ணை வழக்கைப் பற்றிக் கேட்டேன். “அது சிலபஸ்ஸில் இல்லை” என்றார். சர்வதேச முதலீட்டுச் சட்டம் என்று ஒரு முழு அலகு ஓடிக்கொண்டிருந்தது அப்போது.

ஒப்படை திருத்தி வந்த விதத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என்னோடு மூதூரிலிருந்து ஒரு தம்பி படித்தான். ஒருநாள் அவனுக்கு வந்த குறிப்பை எனக்கு அனுப்பினான்: ‘உங்கள் வாதம் நன்று, மேற்கோள்களைக் கூட்டவும், நன்றி பிரியங்கா.’ எனக்கும் அதே குறிப்பு, எழுத்துக்கு எழுத்து, பிரியங்கா உட்பட. நானும் பிரியங்கா இல்லை, அவனும் பிரியங்கா இல்லை. அன்றைக்குச் சிரித்தோம்.

சிரிப்பு நின்றது கொழும்பில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது. முதுமாணி அவசியம் என்று போட்டிருந்தார்கள். என் சான்றிதழைப் பார்த்துவிட்டு அந்த அலுவலகத்துப் பெண் போன் எடுத்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: “மிஸ், இதில் டிப்ளோமா என்றுதானே இருக்கு. பட்டம் தந்த பல்கலைக்கழகம் எது?” சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பல்கலைக்கழகம் என்ற சொல்லே அதில் இல்லை.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் லெவல் 7 என்பது படிப்பின் உயரம் மட்டும். அந்த உயரத்தில் சான்றிதழ், டிப்ளோமா, மாஸ்டர்ஸ் பட்டம் மூன்றும் இருக்கின்றன. மாஸ்டர்ஸ் பட்டத்துக்கு 180 கிரெடிட் வேண்டும். நான் முடித்தது 120, தலா இருபதில் ஆறு அலகு. மிச்சம் 60 கிரெடிட்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆய்வுக் கட்டுரை எழுதி, வேறு காசு கட்ட வேண்டும். பட்டம் தரும் அதிகாரம் உள்ளது அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான். எனக்கு டிப்ளோமா தந்த அமைப்பு இங்கிலாந்தில் தகைமைகளை மேற்பார்வை செய்கிற ஒஃப்குவலின் பதிவேட்டில் இருக்கிறது, தேடிப் பார்த்தேன். ஆனால் ஒஃப்குவல் பார்ப்பது இந்த மாதிரித் தகைமைகளை, பல்கலைக்கழகப் பட்டங்களை அல்ல. ஆக என் டிப்ளோமா போலி இல்லை. போலி என்றால் பொலிசுக்குப் போயிருப்பேன், கதை சுகமாக முடிந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. நம் நாட்டுத் தகைமைச் சட்டகம், எஸ்எல்கியூஎஃப் என்பார்களே, அதிலும் 7 இருக்கிறது. அந்த 7 பட்டப்பின் சான்றிதழ்தான். டிப்ளோமா 8, பாடநெறி முதுமாணி 9, ஆய்வோடு சேர்ந்த முதுமாணி 10. ஒரே எண், இரண்டு நாட்டில் இரண்டு அர்த்தம். யூகே லெவலா இலங்கை லெவலா என்று கேட்டாலே பாதிப் பேர் தடுமாறுவார்கள், நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியது அந்தக் கொழும்புப் பெண் என்னிடம் கேட்டதைத்தான்: பட்டம் தருகிற பல்கலைக்கழகம் எது? பெயரை எழுத்தில் வாங்குங்கள். ‘பார்ட்னர்’, ‘புரோக்ரஷன்’ என்று பல்கலைக்கழகச் சின்னங்களை வரிசையாகக் காட்டினால் நம்ப வேண்டாம், அது பிறகு போகக்கூடிய இடங்களின் பட்டியல். பெயர் கிடைத்தால், கொழும்பு 7, வோட் பிளேஸில் இருக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள், அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறார்களா என்று. காசு கட்டுவதற்கு முன்னால். அப்புறம், எல்எல்எம் முடித்தால் கோட்டுப் போடலாம் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். சட்டத்தரணி ஆவதற்கு வழி வேறு.

நான் திரும்பப் போய்ச் சண்டை பிடித்தபோது அவர் வாயில் ‘தங்கச்சி’ இல்லை. “மேடம், நீங்கள் கையெழுத்து வைத்த படிவத்தில் டிப்ளோமா என்றுதான் இருக்கு.” உண்மை. அதே படிவத்தின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், இங்கிலாந்துச் சட்டம், லண்டன் நடுவர் தீர்ப்பு! கப்பலுக்கு வந்த அதே வாசகம் எனக்கும். நாலரை இலட்சம் ரூபாய்க்கு யார் லண்டன் போவது?

இரவு நோட்ஸை எடுத்தேன், கோபத்தில் கிழிக்கத்தான். இரண்டாம் அலகில் மிஸ்ரெப்ரசன்டேஷன் என்று ஒரு அத்தியாயம். ஒப்பந்தத்துக்கு முன் பொய்யான தகவல் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் என்ன பரிகாரம் என்பது, 1967ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தோடு. இங்கிலாந்துச் சட்டம்தான் வேண்டும் என்று எழுதி வைத்தவர்கள் அவர்கள். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பற்றுச்சீட்டு மூன்றையும் குரல் பதிவையும் சேர்த்து, மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்தேன். அங்கே இரண்டு பேரும் சம்மதித்தால்தான் தீர்வு. அழைப்பு அந்த நிறுவனத்துக்காரர் வீட்டு விலாசத்துக்குப் போனது என்பதால்தான் வந்தார் என்று நினைக்கிறேன். வயதான மத்தியஸ்தர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் மாதிரி, குரல் பதிவை இரண்டு தரம் போடச் சொன்னார். மூன்றாம் தரம் போடுவதற்குள் நிறுவனத்துக்காரரே தொகை சொல்லிவிட்டார்: ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம், இரண்டு தவணையில், பெயர் வெளியே வரக்கூடாது. ஒத்துக்கொண்டேன். முழுதும் வேண்டும் என்று நின்றிருக்கலாம். காப்பின் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

மூதூர்த் தம்பியையும் விண்ணப்பிக்கச் சொன்னேன். அவன் சான்றிதழைப் பிரேம் போட்டு முன் அறையில் மாட்டியிருக்கிறான். “வாப்பா வாறவங்களுக்கு எல்லாம் காட்டுறார் அக்கா” என்றான். படிவத்தை நிரப்பி, அவன் கையெழுத்து இடத்தை மட்டும் விட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் அவன் மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.