துருவோடு ஏழு வருடக் குடித்தனம்

வண்டியைப் பார்க்கப் போன அன்று சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருந்தேன். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது என்று எங்கோ படித்திருந்தேன். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் பகுதியில் வைத்தேன். கப்பென்று ஒட்டியது. பட்டி இல்லை, அசல் தகரம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். தகரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது உளுத்துப்போன பழைய சில்லுக்கு மேல் யாரோ போர்த்தி ஒட்டிய இன்னொரு தகரம். அது தெரியவர எட்டு மாதம் ஆனது.

வண்டி 1970 ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்த வகை. மூடிய ஜிடி மாடலையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். அதனால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. 1798 சிசி என்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு, மடக்கும் துணிக் கூரை. வாங்கி ஏழு வருடம். அதில் நான்கு வருடம் கொட்டகையில் கிடந்தது, மூன்று வருடமாக ஓடுகிறது. சுமார் 14,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். செய்த வேலையில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று சொல்ல இப்போதுதான் தகுதி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் நான் செய்த பெரிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். வண்டி வந்ததும் என்ஜினை இறக்கினேன். ஏனென்றால் என்ஜின் வேலை இனிப்பான வேலை. கழற்றலாம், கழுவலாம், அளக்கலாம், மேசையில் வரிசையாக வைத்து ரசிக்கலாம். ஆறு மாதம் அதிலேயே போனது. பளபளவென்று கட்டி முடித்துத் துணி போர்த்தி மூலையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் உடலின் லட்சணம் தெரிந்தது. அந்த என்ஜின் மூலையிலேயே இரண்டரை வருடம் உட்கார்ந்திருந்தது. சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு அவ்வப்போது ஸ்பேனர் போட்டு கிராங்கைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்படியும் வண்டியில் ஏற்றிய பிறகு தண்ணீர் பம்ப் ஒழுகியது. புத்தம் புதிதாகப் போட்ட பம்ப், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது.

இந்த வண்டிக்குத் தனிச் சேஸி கிடையாது. உடல் தகடே எலும்புக்கூடு. மேலே இரும்புக் கூரையும் இல்லை. ஆக, முன்பாதியும் பின்பாதியும் நடுவில் தொய்யாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இரண்டு பக்க சில்கள்தான். உள்தகடு, வெளித்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு, அடியில் பல் பல்லாக வெட்டிய ஒரு நீளத் துண்டு எல்லாம் சேர்ந்த பெட்டி அது. அந்தப் பெட்டிக்குள் ஈரம் புகுந்து, சேறு அடைத்து, வடிய வழியில்லாமல் போனால் உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயின்ட் மினுமினுக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்கக் காந்தம் வேண்டியதே இல்லை. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டும். இடைவெளி மேலே குறுகினால் வண்டி நடுவில் மடிகிறது என்று பொருள். நான் வாங்கிய பிறகுதான் தூக்கிப் பார்த்தேன். கதவு திறக்கவே இல்லை. இறக்கிய பிறகு திறந்தது. மச்சான் பக்கத்தில் நின்று, "நல்ல பூட்டு மாப்ள, சாவியே வேண்டாம்" என்றான்.

கழற்றும் படலத்தை நீட்டப் போவதில்லை. ஊடுருவும் எண்ணெய், சூடு, பொறுமை. மூன்றும் தோற்றால் கிரைண்டர். ஒவ்வொரு போல்ட்டையும் சிறு பையில் போட்டு எழுதி வைத்தேன், படமும் எடுத்தேன். "இது எது?" என்று எழுதிய பையும் ஒன்று உண்டு. அதில் இன்னும் மூன்று போல்ட் இருக்கிறது. வண்டி ஓடுகிறது, ஆகையால் நான் அந்தப் பையைப் பற்றிப் பேசுவதில்லை.

சில் மாற்றும் வேலைக்கு மட்டும் பதினான்கு மாதம். வார இறுதிகளில் மட்டும் செய்தால் அப்படித்தான். போர்த்தியிருந்த தகட்டை வெட்டி எடுத்ததும் உள்ளே இருந்தது சருகு. உண்மையில் சருகு மாதிரிதான் இருந்தது, பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காக. இரண்டு முறம் அள்ளிக் கொட்டினேன்.

வெட்டுவதற்கு முன் செய்ததுதான் முக்கியம். வண்டியை எங்கே வேண்டுமானாலும் தாங்க வைத்துவிட்டு வெட்டக் கூடாது. முன்பக்கம் சஸ்பென்ஷன் குறுக்குச் சட்டத்தின் கீழும், பின்பக்கம் கட்டு ஸ்பிரிங் மாட்டும் இடங்களிலும் ஸ்டாண்டு வைத்தேன். சக்கரத்தில் நிற்கும்போது எடை எங்கே இறங்குமோ அங்கேயே தாங்கும். பிறகு கதவு வாசலின் குறுக்கே, முன் தூணிலிருந்து பின் தூணுக்குச் சதுர இரும்புக் குழாய் வெல்டு செய்தேன். இது இல்லாமல் சில்லை வெட்டியவர்கள் கடைசியில் பெயின்ட் அடித்த பிறகு கதவு பொருந்தாமல் முழிப்பார்கள். அந்த நிலையில் திரும்பிப் போக வழியே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் வெட்ட வேண்டும். புதுத் தகட்டைக் கவ்வி போட்டுப் பிடித்து, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, கழற்றி, திருத்தி, மறுபடி மாட்டி... எண்ணிக்கை மறந்துவிட்டது. குழாய் கதவின் பாதையில் குறுக்கிடாதபடி உட்பக்கமாக வைத்திருந்ததால் பிழைத்தேன்.

இன்னொன்று. வெளித்தகடு முன் மட்கார்டுக்குக் கீழும் பின் மட்கார்டுக்குக் கீழும் நீண்டு போகிறது. அவற்றின் அடிப்பகுதியை வெட்டாமல் முழு சில்லை மாற்ற முடியாது. நல்ல மட்கார்டை வெட்ட மனசு வராமல்தான் எல்லோரும் நடுவில் தெரியும் பகுதிக்கு மட்டும் போர்வை போட்டுவிடுகிறார்கள். என் வண்டிக்கு முன்பு யாரோ செய்ததும் அதுதான். அவரைத் திட்டித் தீர்த்தேன். வெட்டும் கோட்டை வரைந்துவிட்டு நானும் இரண்டு வாரம் சும்மா நின்றேன் என்பதும் உண்மை.

வாங்கிய புதுத் தகடுகள் நேராகப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். ஒரு பக்கத்து அடித்துண்டு 3 மில்லிமீட்டர் குறைவு, இன்னொன்றில் மடிப்பு தப்பான கோணம். கொஞ்சம் டிங்கர் வேலை தெரிந்தால்தான் கரை சேரலாம். இந்த நேரத்தில் ஒரு சபலம் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்ஜிபியின் முழு உடலையே 1988 முதல் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. அதை வாங்கி என் பாகங்களை அதில் மாட்டினால் கணக்கில் பார்த்தால் புத்திசாலித்தனமாகவே இருக்கலாம். ஆனால் அப்புறம் என்னிடம் இருப்பது 1970 வண்டியா? நம்பர் பிளேட்டைத் தவிர என்ன மிச்சம்? அந்தக் கேள்விக்கு விடை காணாமலேயே வெல்டிங்கைத் தொடர்ந்தேன்.

வெல்டிங் நான் இதில்தான் கற்றுக்கொண்டேன். 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான் கலந்த வாயு. தகடு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான், நீளமாக இழுத்தால் சூட்டில் அலை அலையாக வளைந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, ஆறவிட்டு நடுவில் இன்னொன்று. தையல்காரர் முதலில் நூல் ஓட்டுவது போல. பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். அப்படியும் ஒருநாள் தீப்பிடித்தது. வெல்டு விழுந்த இடத்தின் மறுபக்கம் பழைய தார்ப்பூச்சு இருந்தது. ஹெல்மெட்டுக்குள் இருந்த எனக்குப் புகை தெரியவில்லை, வாசலில் நின்ற என் மகள்தான் கத்தினாள். அன்றிலிருந்து மறுபக்கத்தைச் சுரண்டாமல் ஒரு புள்ளிகூட வைப்பதில்லை. வேலை முடிந்து அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

சின்னப் பாகங்களின் துருவுக்கு மின்பகுப்பு அருமையான வழி. வாளியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பழைய பேட்டரி சார்ஜர். பாகம் நெகட்டிவில், பலிகொடுக்கும் இரும்புக் கம்பி பாசிட்டிவில். மறுநாள் காலையில் துரு கறுத்த சேறாகி பிரஷ்ஷுக்கு வந்துவிடும். எவர்சில்வரைப் பாசிட்டிவில் மட்டும் மாட்டக் கூடாது, நஞ்சான குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். ஸ்பிரிங், கெட்டிப்படுத்திய போல்ட் போன்றவற்றை இதில் போடுவதும் ஆபத்து, ஹைட்ரஜன் ஏறி முறியும் தன்மை வந்துவிடும்.

துருவைக் கறுப்பாக்கும் திரவங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமும் இல்லை, கெட்ட அபிப்பிராயமும் இல்லை. மேலாக மஞ்சள் பூத்த தகட்டில் வேலை செய்கிறது. ஓட்டை விழுந்த இடத்தில் தடவுவது மனசமாதானம்.

எபாக்ஸி பிரைமர் வரை நானே அடித்தேன். மேல் பெயின்ட்டைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு பங்கு கலக்கும் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் உண்டு. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் கொட்டகையில் அடிப்பது நுரையீரலோடு விளையாடுவது.

ஒயரிங் எளிது என்றே சொல்வேன். பழுப்பு நேராக பேட்டரி, வெள்ளை சாவி வழியாக, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் தாண்டி, கறுப்பு எர்த். இந்த நான்கு நிறம் மனப்பாடமானால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி எர்த் பிடிக்கும் இடங்களைச் சுரண்டுவது.

கார்புரேட்டர்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்து இரண்டின் சீறலும் ஒன்றுபோல் கேட்கும்வரை திருக வேண்டும். பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்ன பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். என்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், மூச்சுத் திணறினால் குறைவு, லேசாக ஏறி அடங்கினால் சரி. முதல் நாள் இதற்கு ஒரு மத்தியானம் பிடித்தது. இப்போது பத்து நிமிடம்.

மூன்று வருடக் கணக்குக்கு வருகிறேன். தீப்பொறி கொடுக்கும் இக்னிஷனில் புதிதாகப் போட்ட கண்டென்சர் 900 கிலோமீட்டரில் செத்தது. அடுத்து வாங்கியதும் அதே ரகம். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிட்டேன், அதற்கு முன் அந்த வேலையைச் செய்த பழைய பாயிண்ட் செட் டிக்கியில் கிடக்கிறது. பின்பக்கத்து லீவர் ஷாக் அப்சார்பர் ஒன்று ஒழுகுகிறது. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், ஒருமுறை மட்கார்டில் ஒரு சொட்டு விழுந்து பெயின்ட்டைத் தின்றது. துணிக் கூரை வலது மூலையில், கண்ணாடிச் சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில், மழையில் தொடை நனைக்கும். எவ்வளவு இழுத்துக் கட்டியும் போகவில்லை. பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலை ஈரத்தோடு மடித்து வைத்து மங்கலாக்கியது நான்தான், அதற்கு வேறு யாரையும் சொல்ல முடியாது. ஓட்டுவதில் குறை இல்லை. என்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் அமைப்பு இருப்பதால் நான்காம் கியரில் நீண்ட தூரமும் என்ஜின் அலறாமல் போகிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேச மட்டும் கத்த வேண்டும்.

சில்லுக்குள் வருடத்துக்கு ஒருமுறை சின்னக் கேமரா விட்டுப் பார்க்கிறேன். பெட்டியை மூடிய பிறகு உள்ளே மெழுகு பீய்ச்சியிருந்தேன், வெயிலில் அது உருகி இன்னும் தையல்களுக்குள் இறங்கியிருக்கிறது. துரு இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினாலும் கதவு எப்போதும்போல் திறக்கிறது.

இடது பின்சக்கர வளைவுக்குள், இரண்டு தகடு சேரும் தையலில், போன மாதம் ஒரு கொப்பளம் பார்த்தேன். மிளகு அளவு. அந்த இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கை ஓய்ந்து, சீலன்ட் டியூப் தீர்ந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட இடம். மச்சான் கொஞ்சம் பட்டி வைத்துத் தேய்த்துவிடு என்கிறான். நான் கிரைண்டருக்குப் புது வட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.