மோக்ஸா என்போர்ட் 5410: எடைமேடையை விஎம்மில் இணைக்க நம்பலாமா?

புதுச்சேரி சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கமும், கடலூர் சிப்காட்டிலும் நாலைந்து பழைய சர்வர்களை ஒரே சர்வரில் விஎம்களாக, அதாவது மென்பொருளுக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளாக, மாற்றும் வேலை நடக்கும்போது, பைல் சர்வரும் கணக்கு மென்பொருளும் சத்தமில்லாமல் மாறிவிடும். முரண்டு பிடிப்பது எடைமேடை மென்பொருள்தான். அதற்கு 'காம் 1', அதாவது எடை காட்டும் இண்டிகேட்டரின் கேபிள் வந்து சேரும் சீரியல் போர்ட், கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

விஎம்களை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வியில் விஎம்மின் காம் போர்ட் ஒரு நேம்டு பைப்புக்குத்தான் (மென்பொருளுக்குள் இருக்கும் டேட்டா குழாய்) போகும், சர்வரின் முதுகில் இருக்கும் நிஜ போர்ட்டுக்குப் போகாது. அதே வேலை செய்யும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐயில் நிஜ போர்ட்டைக் கொடுக்கலாம். ஆனால் அந்த விஎம் அந்த ஒரு சர்வரோடு கட்டுப்பட்டுவிடும், விமோஷனில் (ஓடும்போதே வேறு சர்வருக்கு மாற்றும் வசதி) நகராது. மலிவான யூஎஸ்பி கன்வர்ட்டரை நம்பவே வேண்டாம். போலி பிஎல்2303 சிப் இருந்தால் புது டிரைவரில் 'கோட் 10' பிழை காட்டிப் படுத்துவிடும்.

சீரியல் போர்ட்டை நெட்வொர்க்கில் கொடுக்கும் பெட்டியான என்போர்ட் 5410 இந்தச் சிக்கலை நெட்வொர்க் வழியாகத் தீர்க்கிறது. நாலு ஆர்எஸ்-232 (சீரியல்) போர்ட், ஒன்பது பின் ஆண் கனெக்டர், 10/100 ஈதர்நெட், 12 முதல் 48 வோல்ட் டிசி. முன்னால் இருக்கும் சிறு திரையிலும் பட்டன்களிலுமே ஐபி மாற்றலாம். பெட்டியில் வருவது 192.168.127.254. விஎம்முக்குள் மோக்ஸா டிரைவர் மேனேஜரைப் போட்டு, ரியல் காம் முறையில் காம் 1 என்று மேப் செய்தால் மென்பொருளுக்கு வித்தியாசமே தெரியாது. விஎம் எந்த சர்வருக்கு நகர்ந்தாலும் போர்ட் கூடவே போகும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் டிசிபி 950–953, 966–969 இரண்டு வரிசையையும் திறந்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, போர்ட் ஏன் திறக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வது வழக்கமாக நடக்கிறது.

பெட்டியை சர்வர் அறையில் வைக்காதீர்கள், எடைமேடை கேபினிலேயே வையுங்கள். ஆர்எஸ்-232 கேபிளுக்கு 15 மீட்டர்தான் கணக்கு, ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர். இன்னொரு காரணமும் உண்டு. பின் 5 இரு பக்க கிரவுண்டையும் நேராகச் சேர்த்துவிடும். கேபின் எர்த்தும் ஆபீஸ் எர்த்தும் வேறு வேறு என்றால், ஐப்பசி இடி ஒன்று போதும், போர்ட் போய்விடும். 5410-இன் சீரியல் பக்கம் ஐசொலேஷன் (மின் இணைப்பைப் பிரித்து வைக்கும் காப்பு) இல்லை. இண்டிகேட்டருக்கு மின்சாரம் வரும் அதே பிளக் பாயின்ட்டில் இதையும் கொடுத்தால், ஈதர்நெட் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் ஓரளவு காப்பாற்றும். அதிக தூரத்து ஆர்எஸ்-485 கருவி என்றால் 2 கிலோவோல்ட் ஐசொலேஷன் உள்ள 5450I மாடலை வாங்குவதே சரி. கடற்காற்றில் பின்களில் பச்சைக் களிம்பு ஏறும். மூடிய பெட்டி வேண்டும், கனெக்டரின் இரண்டு திருகுகளையும் முடுக்கிவிட வேண்டும்.

எடை வரவில்லையா? மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை பின் 5-இலும் சிவப்பை பின் 3-இலும், பிறகு 2-இலும் வையுங்கள். சும்மா இருக்கும்போது அனுப்பும் பின்னில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டும். இரு கருவியும் ஒரே எண் பின்னில் அனுப்பினால் கிராஸ் கேபிள் (2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கோர்த்தது) தேவை. எழுத்து கந்தரகோலமாக வந்தால் பாட் ரேட் (வேகம்) அல்லது பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) பொருந்தவில்லை. இண்டிகேட்டர் 2400-இல் 7இ1 (7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட்) ஆகவும் இருக்கலாம், எல்லாமே 9600 8என்1 என்று நினைத்துவிடக் கூடாது.

இதில் உண்மையான குறை ஒன்று உண்டு. விஎம்மைத் திடீரென்று அணைத்தாலோ ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்த நிலைக்கு) திரும்பினாலோ, பெட்டி பழைய இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மறுபடி போர்ட்டைத் திறந்தால் வேறு யாரோ பயன்படுத்துவதாகச் சொல்லும். 'டிசிபி அலைவ் செக் டைம்' (அறுந்த இணைப்பை விடும் நேரம்) பெட்டியில் வரும்போதே 7 நிமிடம். வெளியே லாரி வரிசை நிற்கும்போது 7 நிமிடம் சின்ன விஷயமில்லை, அதை 1 நிமிடமாக்குங்கள். பாஸ்வேர்டையும் அன்றே மாற்றி, தனி விலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) போடுங்கள்.

மீதி போர்ட்டில் யூபிஎஸ்ஸைச் செருக வேண்டாம். மின்சாரம் போனால் விஎம் தன்னைத்தான் அணைத்துக்கொள்ளும், சர்வரை அணைக்காது. யூபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் கார்டே சரி.

பேக்கப் டேப் டிரைவுக்கு இந்த வழி கிடையாது. எஸ்ஏஎஸ் (சர்வர்களில் டிரைவை இணைக்கும் முறை) டிரைவ் என்றால் ரெய்டு கார்டில் மாட்டாமல், 9207-8இ போன்ற எச்பிஏ கார்டில் (டிரைவை நேராக இணைக்கும் கார்டு) மாட்டி, இஎஸ்எக்ஸ்ஐயில் பாஸ்த்ரூவாக, அதாவது கார்டையே விஎம்மிடம் நேராக, கொடுக்கலாம். அந்த விஎம்முக்கு முழு ரேமையும் ஒதுக்க வேண்டும், ஸ்னாப்ஷாட்டும் விமோஷனும் போய்விடும். அதைவிட, ஓய்வு கொடுத்த பழைய சர்வர் ஒன்றை டேப்புக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. ஹைப்பர்-வி வைத்திருப்பவர்கள் வேறு வழி தேடவே வேண்டாம். எல்டிஓ-6 (எல்டிஓ டேப்பின் ஆறாம் தலைமுறை) நொடிக்கு 160 எம்பி எழுதும், ஒரு கிகாபிட் நெட்வொர்க் சுமார் 110-தான் கொடுக்கும். சின்னச் சின்ன பைல்கள் என்றால் அதுவும் சரிந்து, டேப் நின்று நின்று பின்னால் ஓடித் தேயும். முதலில் அந்தச் சர்வரின் டிஸ்க்கில் இறக்கி, பிறகு டேப்புக்கு அனுப்புங்கள். புது டிரைவ் வாங்குபவர்கள் கவனிக்க: எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது. பழைய டேப்புகள் தேவைப்படும் வரை பழைய டிரைவை விற்காதீர்கள்.