பத்து மணி மோதிரச் செபமாலை: நிலாவெளி பஸ்ஸில மூண்டு மாசம்

முதலே சொல்லிப்போடுறன், வடிவுக்குப் போடுற மோதிரம் தேடுறாக்களுக்கு இது சரிவராது. செபமாலை சொல்லேக்க எண்ணுறதுக்கு விரலில போடுற வளையம் இது: சுத்திவர பத்து மொட்டு, மேல ஒரு குட்டிச் சிலுவை, அவ்வளவுதான். திருநாள் நேரம் கோயில் வாசலில போட்டிருந்த ஒரு கடையில 300 ரூபாய்க்கு வாங்கி, ஃபாதரிட்ட குடுத்து மந்திரிச்சு எடுத்தனான்.

ஏன் வாங்கினது எண்டா, எங்கட வீட்டில பின்னேரம் 6.30க்கு செபமாலை, அஞ்சு பத்தும் (ஒரு பத்து எண்டா மாதாவை வாழ்த்துற மங்கள வார்த்தைச் செபம் பத்துத் தரம்) அம்மம்மா தொடங்கினா 20 நிமிசத்தில முடிச்சுப்போடுவா, நான் வேலையால வந்த களைப்பில முழங்காலில இருந்தபடியே தூங்கி விழுறது, வாய் மங்கள வார்த்தை சொல்லும் மனசு ஒஃபிஸ் ஃபைலுக்க நிக்கும். காலமை திருகோணமலை டவுணுக்கு வாற பஸ்ஸில சும்மா ஃபோனை நோண்டுற நேரத்தில சொன்னா என்ன எண்டு யோசிச்சன். பெரிய மாலை 59 மணி, ஒரு கை கம்பியில மற்றக் கையில சாப்பாட்டு பாக், அதுக்க அது சிக்குப்பட்டா எடுக்கேலாது. இது விரலிலயே கிடக்கும், பெருவிரலால ஒவ்வொரு மொட்டா உருட்டினாக் காணும், பக்கத்தில இருக்கிற ஆளுக்கும் விளங்காது.

புதுச் சாமான் எண்டும் இல்லை. அயர்லாந்தில கத்தோலிக்கரை அடக்கி வச்சிருந்த காலத்தில, பத்து மணியும் ஒரு வளையமும் கோத்த குட்டி மாலையை சட்டைக் கைக்குள்ள ஒளிச்சு வச்சுச் சொன்னவையாம். ஒவ்வொரு பத்துக்கும் இயேசு, மாதா வாழ்க்கையில ஒரு சம்பவத்தை நினைக்கிறது, அதுதான் தேவ ரகசியம். முதலாம் தேவ ரகசியத்துக்கு வளையம் பெருவிரலில, ரெண்டாவதுக்கு சுட்டுவிரலில, சின்னவிரலுக்கு வரேக்க அஞ்சும் முடிஞ்சுது. நல்ல ஐடியா எண்டு நானும் செய்து பாத்தன். சரிவரேல்லை, கடைக்காரரிட்ட இருந்தது ஒரே சைஸ்தான், பெருவிரலில ஏறாது, சின்னவிரலில நிக்காது. சாம்பல்தீவுப் பாலத்தடியில பஸ் குலுக்கின குலுக்கில கழண்டு உருண்டு போய், ஒரு மீன்காரம்மா தன்ர பெட்டியை நகர்த்தித் தேடி எடுத்துத் தந்தவ, "பிள்ளை கலியாண மோதிரத்தை விட்டுட்டியே" எண்டு கேட்டு.

அதுக்குப் பிறகு பஸ்ஸில ஒரே ஒரு பத்துத்தான். ஆனா ஆறுதலா. இதாலதான் எனக்குப் பிரயோசனம். வியாழன் எண்டா ஒளியின் ரகசியங்கள், 2002இல ரெண்டாம் ஜோன் போல் பாப்பரசர் சேர்த்தது. அதில பைபிளில வாற கானாவூர்க் கலியாணத்தை எடுப்பன். "கனியாகிய இயேசுவும்" எண்டு வாற இடத்தில "தண்ணியை திராட்சை ரசமாக்கின இயேசுவும்" எண்டு மனசுக்க சேர்க்கிறது, அந்தப் பாப்பரசரே அதே வருசக் கடிதத்தில இந்த வழக்கத்தை நல்லது எண்டுதான் சொல்லியிருக்கிறார். அப்பிடிச் சொல்லிக்கொண்டு போகேக்கதான் ஒண்டு பிடிபட்டுது: மாதா அங்க மகனிட்ட "ரசம் முடிஞ்சு போச்சு" எண்டு மட்டும்தான் சொல்லுறா. ஏன் முடிஞ்சுது, ஆற்ற பிழை, என்ன செய்யோணும், ஒண்டும் இல்லை. நான் ஆண்டவருக்கு பக்கம் பக்கமா விளக்கம் குடுக்கிற ஆள். இப்ப "தம்பிக்கு வேலை இல்லை" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த மொட்டுக்குப் போறன். உப்புவெளியில வெள்ளைக்காரச் சேமக்காலை, உலகப்போரில செத்த படையினரைப் புதைச்ச இடம், அதைத் தாண்டேக்க அங்க கிடக்கிற பொடியளுக்கும் ஒரு மங்கள வார்த்தை.

சாமான்ர குறை கனக்க இருக்கு. ரெண்டு கிழமையில வேர்வையும் உப்புக்காத்தும் பட்டு விரல் பச்சையாப் போச்சு, சோப் போட்டு உரஞ்சினாலும் ரெண்டு நாளைக்கு நிக்கும். சிலுவை முனை கூர், ரெண்டு சட்டையில நூலை இழுத்துப்போட்டுது. மொட்டுகளும் தேயத் தொடங்கீட்டுது, ஏழா எட்டா எண்டு தடவிப் பாக்க வேண்டியிருக்கு. மச்சாள் வேளாங்கண்ணியால கொண்டுவந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒண்டு வச்சிருக்கிறா, ஒரு வருசமாகியும் அப்பிடியே கிடக்கு. காசு கூடினாலும் அதுதான் வாங்கோணும். எதை வாங்கினாலும் முதல்ல விரலில போட்டுக் கையை ஒருக்கா உதறிப் பாருங்கோ.

அஞ்சுக்கு மூண்டரை குடுப்பன். அம்மம்மாவுக்குக் காட்டினன், கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு "உது குழாய்க்குப் போடுற வாஷர் எல்லே" எண்டா. பின்னேரம் இப்பவும் அவவின்ர அஞ்சு பத்துத்தான். முந்தினதை விடத் தூக்கம் கொஞ்சம் குறைவு.