பதினாறு வயது இப்படியா இருக்கும்?

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் ஒரு கடையில் 15 வயது மகளுக்காக வாங்கிய இளையோர் நாவல். நாற்பதாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டாள். "அம்மா, இந்தப் பொண்ணுக்குப் பசிக்கவே மாட்டேங்குது" என்றாள். நான் முழுதும் படித்தேன். அவள் சொன்னதுதான் சரி.

கதாநாயகிக்கு 16 வயது. முதல் பக்கத்தில் சோகம், கடைசிப் பக்கத்திலும் அதே சோகம். நடுவில் ஒரு காதல். முப்பது வயதுக்காரி போலத் தன் மனதை நீட்டி நீட்டி விளக்குகிறாள். பொய் சொல்வதில்லை, பொறாமைப்படுவதில்லை.

நான் இங்கே மொரீஷியஸில் தமிழ் ஆசிரியை. என் மாணவிகள் பள்ளி விட்டதும் டியூஷனுக்கு ஓடுவார்கள். வழியில் தால்பூரி (பருப்பு வைத்த ரொட்டி) வாங்கி, பெரிய பாதி யாருக்கு என்று இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் சண்டை. என்னைக் கண்டதும் "வணக்கம் டீச்சர்". தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்த ஒருத்தி, ஒன்பதாம் நாள் அம்மாவோடு பேசவே இல்லை. மறுநாள் காலை அதே அம்மா கையால் தலையில் பூ வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். ஒரே பெண்ணுக்குள் இத்தனை இருக்கிறது. நாவலாசிரியர் கண்ணில் இது படவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நாவலில் உயிரோட்டமாக இருப்பவன் கதாநாயகியின் தம்பி மட்டும்தான். உடைந்த தட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து, இரவெல்லாம் அதன்மேலேயே படுத்திருக்கிறான். மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "இவனைப் பத்தியே எழுதியிருக்கலாமே" என்றாள். அதற்கப்புறம் கதையில் அவனைக் காணவே காணோம்.

காசு கொடுத்து வாங்க வேண்டாம். நூலகத்தில் கிடைத்தால் தம்பி வரும் அந்த மூன்றாம் அத்தியாயத்தைப் படியுங்கள்.