குரோம் பட்டைக்குப் பின்னால் பியூட்டைலா, சிலிகோனா?

அம்பாசடர், பத்மினி போன்ற பழைய கார்களுக்குப் புதுப் பெயின்ட் அடித்தபின் குரோம் பட்டைகளையும் பெயர்ச்சின்னங்களையும் திரும்பப் பொருத்துகையில், கிளிப் நுழையும் ஒவ்வொரு துளையும் தகட்டுக்குள் தண்ணீர் இறங்கும் வழி என்பதை மறக்கலாகாது. அந்தத் துளையை அடைக்கச் சிலிகோன் பசையை வைக்கலாம், அல்லது பியூட்டைல் எனும் பிசுபிசுப்பான ரப்பர் நாடாவை வைக்கலாம்.

ஹார்டுவேர் கடையில் எளிதாகக் கிடைக்கும் சிலிகோன், வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் அதில் பரவலாக விற்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. முகர்ந்தால் வினிகர் வாடை அடிக்கும். துளையின் விளிம்பில் இரும்பு வெறுமையாக இருந்தால், துருவைத் தடுக்க வைத்த பொருளே துருவைத் தொடங்கிவைக்கும். அமிலம் வெளியிடாத வகையை வாங்கினாலும், சிலிகோன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் பின்னாளில் அடிக்கும் பெயின்ட் பிடிக்காமல் குழிகுழியாக விலகும் என்ற குறை தீர்வதில்லை.

பியூட்டைல் நாடாவோ எளிதில் இறுகிப் போவதில்லை. சிறிதளவு கிள்ளி உருட்டிக் கிளிப்பின் தண்டைச் சுற்றி வைத்து அழுத்தினால், அது பிதுங்கித் துளையை நிரப்பிக்கொள்கிறது. பல ஆண்டுகள் கழித்தும் பட்டையைச் சேதமின்றிக் கழற்றலாம், மிச்சத்தை அதே பியூட்டைல் உருண்டையால் ஒற்றி எடுக்கலாம். கடும் வெயிலில் இளகி விளிம்பில் கசியக்கூடும் என்பதால் அளவாக வைக்க வேண்டும். எனவே கிளிப் துளைகளுக்கு நான் பியூட்டைலையே தேர்ந்தெடுப்பேன், ஆனால் துளை விளிம்பில் பிரைமர் தடவி, அது முழுதாகக் காய்ந்த பிறகுதான்.