ரூ கஸ்: இரண்டரை வருடமாக நான் பூசிக்கொள்ளும் வெட்டிவேர்

செண்ட் விஷயத்தில் எனக்கு ஒரே நிபந்தனைதான், இனிக்கக் கூடாது. வெனிலா, பழம், மிட்டாய் என்று எது அடித்தாலும் சென்னை வெயிலில் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அத்தர் கடையில் இதைத்தான் சொன்னேன். கடைக்கார பாய் யோசிக்கவே இல்லை. "கையைக் காட்டுங்க தம்பி" என்று ஒரு குப்பியைத் திறந்து, கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். நல்ல கரும்பச்சை, தேன் மாதிரி கெட்டி, போட்ட இடத்திலேயே நின்றது. மோந்து பார்த்தால் நனைந்த கோணிப்பை! அதோடு கொஞ்சம் புகை, அப்போதுதான் பிடுங்கிய வேர்க்கடலைச் செடியில் ஒட்டியிருக்கும் ஈரமண். இதற்கா காசு கொடுப்பார்கள் என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கும் போல. "இப்ப வாங்காதீங்க, ஒரு மணி நேரம் கழிச்சு மோந்து பாருங்க" என்று சிரித்தார்.

பறக்கும் ரயிலில் வேளச்சேரி வந்து இறங்கும்போது தற்செயலாகக் கை மூக்குப் பக்கம் போனது. கோணிப்பை போயே போய்விட்டது, அந்த இடத்தில் பாட்டி வீட்டு மண்பானை. சித்திரை பிறந்தால் ஒரு பிடி வெட்டிவேரை நூலால் கட்டிப் பானைக்குள் போட்டு வைப்பார்களே, டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது தண்ணீருக்கு முன்னால் வந்து நிற்கும் அந்த வாசனை, அதுவேதான். வடக்கே வெட்டிவேரைத்தான் கஸ் என்கிறார்கள், ரூ என்றால் உயிர் என்று வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் தெரிந்தது. மறுநாளே போய் 3 மில்லி குப்பி வாங்கினேன், 700 ரூபாய்.

இது உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜ் சரக்கு. செம்புக் கொப்பரையில் வேரையும் தண்ணீரையும் போட்டு அடுப்பேற்றி, ஆவியை மூங்கில் குழாய் வழியாக இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குக் கொண்டுபோய்க் குளிரவைக்கும் பழைய முறை. அத்தர் என்றால் அந்தப் பாத்திரத்தில் சந்தன எண்ணெயை வைத்து அதில் வாசனையை இறக்குவார்கள். ரூவில் அதெல்லாம் கிடையாது, வேரின் எண்ணெய் மட்டும்தான். பச்சை நிறம்கூட வேர் தந்ததில்லை, செம்பு தந்தது. கடலூர்ப் பக்கம் மணலில் விளைகிற வேர்தான், பிரெஞ்சுக்காரர்கள் செண்ட் குப்பியில் போடும் பெயரும் நம் 'வெட்டிவேர்' என்ற சொல்தான், ஆனால் எனக்கு இதைக் காட்டிக்கொடுக்க கன்னௌஜ் வரவேண்டியிருந்தது. சரி போகட்டும்.

காலையில் குளித்ததும் மணிக்கட்டில் ஒரு தொடல், காதுக்குப் பின்னால் ஒரு தொடல், அவ்வளவுதான். முதல் கால் மணி நேரம் அந்தக் கோணிப்பையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பாமல் இருப்பது நல்லது. அப்புறம் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருகிற கசப்பு லேசாக எட்டிப் பார்க்கும், பதினொரு மணிக்கு மேல் காய்ந்த கட்டை வாசனை. எனக்குப் பிடித்த நேரம் மாலைதான், வேர்வையோடு சேர்ந்த பிறகு இது தோலில் பூசியது மாதிரியே இருக்காது, தோலின் வாசனையே இப்படித்தான் என்று தோன்றும். ஏசி அறையில் சுருண்டு படுத்துக்கொள்ளும், வெயிலில் இறங்கினால் எழுந்து வரும். கைக்குட்டையில் பட்டால் இரண்டு நாளைக்குக் குறையாது.

குறை இல்லாமல் இல்லை. ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வர வேண்டும் என்பவர்களுக்கு இது வேலைக்கு ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். வெள்ளைச் சட்டையில் பட்டால் பச்சைக் கறை, இரண்டு சட்டைகளின் காலர் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பச்சையாக இருந்தாலே அசல் என்றும் நம்பிவிடக் கூடாது. நடுவில் ஆசைப்பட்டு இணையத்தில் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன், கிளிப்பச்சையில் தண்ணீராக ஓடியது. சர்பத் மாதிரி ஒரு தித்திப்பு, மதியச் சாப்பாட்டுக்குள் ஆளைக் காணோம். அது இப்போது குளியலறை ஜன்னலில் பஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஓடுவது இரண்டாவது குப்பி. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மா பக்கத்தில் வந்தவர் நின்று, "என்னடா, பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு" என்றார். பட்டுப்புடவைகளுக்கு நடுவே அவர் வைத்திருக்கும் வெட்டிவேர்க் கட்டைச் சொல்கிறார். விலையைச் சொன்னதும் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. எழுந்து போய் அந்தக் கட்டை எடுத்து வந்து என் பையில் போட்டுவிட்டு, "இது இருபது ரூபா" என்றார்.