காரைக்குடிப் பழம்பொருள் தெருவில் கற்களுக்கென்று ஓர் அலமாரி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் செல்வோர் பெரும்பாலும் பித்தளைப் பாத்திரங்களையும், பர்மாத் தேக்கு மரச் சாமான்களையும், பீங்கான் சாடிகளையும் தேடியே செல்கின்றனர். அத்தெருவின் பழம்பொருள் கடைகளுள் ஒன்று, பின்கட்டில் ஓர் அலமாரி நிறையக் கற்களை வைத்திருப்பது கல் சேகரிப்போர் பலருக்குத் தெரியாது. உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாததால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். தெருவில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) படிகங்கள், செம்புராங்கல் உருண்டைகள், இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்த இத்தாலியப் பளிங்குத் துண்டுகள், கனத்த கரும்பழுப்புக் கற்கள் என்று சரக்கு பலவகைப்பட்டது. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை. கேட்டால், "எல்லாம் பர்மாவிலேர்ந்து வந்ததுங்கய்யா" என்ற ஒரே விடைதான் கிடைக்கிறது. கிடைத்த இடம் தெரியாத கல், எவ்வளவு அழகாக இருந்தாலும், சேகரிப்பில் பாதி மதிப்பையே பெறும் என்பது என் கருத்து. அந்தப் பாதிக்கு உரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

இக்கடையின் பெருஞ்சிறப்பு, வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க உரிமையாளர் தடை சொல்லாததே. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது: படிகம் என்று அடுக்கப்பட்டவற்றுள் சில வெறும் கண்ணாடிக் கட்டிகள் என்பதை, உள்ளே தெரியும் உருண்டைக் காற்றுக் குமிழிகளே காட்டிக்கொடுக்கின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் வெங்கச்சங்கல்லின் கடினம் 7. சாதாரணக் கண்ணாடியின் கடினம் ஏறக்குறைய 5.5. ஆகவே உண்மையான படிகத்தின் முனை கண்ணாடிச் சில்லைக் கீறிவிடும். பளிங்கா என்று ஐயம் எழுந்தால், அடிப்பகுதியைச் சிறிது சுரண்டி அந்தத் தூளில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைக்கும்; மெருகேற்றிய பக்கத்தில் விட்டால் கறை நிற்கும், கடைக்காரரும் சும்மா இருக்கமாட்டார். கரும்பழுப்புக் கற்களைச் சோதிப்பதற்கான கருவியோ அதே கடையில் கிடக்கிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களிலிருந்து பெயர்த்த ஜப்பானிய ஓடுகளின் உடைசல்களை ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றின் மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லைத் தேய்த்தால், இரும்புத் தாதுக்களான இரண்டில் ஹேமடைட் செம்பழுப்புக் கோட்டையும் மேக்னடைட் கறுப்புக் கோட்டையும் விடும். மேக்னடைட்டைக் காந்தமும் நன்கு இழுக்கும்.

ஊர்ப் பெயரோடு அவர் விற்பது ஒன்றே ஒன்று: சிவகங்கைப் பக்கத்துக் கிராஃபைட், அதாவது பென்சில் முனையில் இருக்கும் கறுப்புக் கனிமம். அங்கே தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கம் இருப்பதால், பக்கத்திலுள்ள இந்தத் தெருவுக்கு அது வந்திருப்பதில் வியப்பில்லை. தொட்டாலே விரலில் கறுப்பு ஒட்டும். செதில் செதிலாக மின்னும். இந்த அலமாரியில் தயக்கமின்றி வாங்கத்தக்கது அதுதான்.

கல்மரத் துண்டுகளை, அதாவது காலப்போக்கில் கல்லாகிப்போன மரத்தின் துண்டுகளை, மட்டும் நான் வாங்கவில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரப் பூங்காவைப் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக்கூடாது. மரவரிகள் துலங்கும் அத்துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று உரிமையாளராலும் சொல்ல இயலவில்லை. பர்மா என்ற விடையை இங்கே நான் ஏற்பதாக இல்லை.

விலை ஒட்டப்படுவதில்லை, பேரம் பேசலாம். பின்கட்டில் வெளிச்சம் போதாது, ஆகையால் கற்களை முற்றத்துக்கு எடுத்துவந்து பார்க்க அனுமதி கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். வாங்கிய எல்லாவற்றையும் ஒரே செய்தித்தாளில் சுருட்டித் தருவது அவர்கள் வழக்கம். கிராஃபைட்டைத் தனிப் பையில் கட்டச் சொல்லாவிட்டால், வீடு சேர்வதற்குள் வெள்ளைப் படிகங்கள் அனைத்திலும் கரி பூசியிருக்கும்.